மட்டைக்கு வைத்த பொட்டு

மகள் பேஸ்போல் விளையாடத் தொடங்கிய பிறகுதான், ஒரு மட்டைக்கும் கடவுச்சீட்டு மாதிரி முத்திரை வேண்டும் என்பது எனக்குத் தெரியவந்தது. உலோக மட்டை பந்தை அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் தள்ளிவிடக் கூடாதாம். சோதித்துப் பார்த்து, பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஆகும் என்று அதன் மேலேயே அச்சடித்துவிடுவார்கள். அந்த அச்சு இல்லாவிட்டால் நடுவர் விடமாட்டார்.

இரவல் மட்டையோடு அவள் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. சொந்த மட்டை வந்த கிழமை, பயிற்சியில் பந்துகள் பறந்தன. சனிக்கிழமை பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஆட்டம். அங்கே இந்த மட்டையால் அடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், புதிதாக வாங்கிய பழைய வான் வண்டியைப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். வேலை முடிந்து நேரே போனதில் பாதி மூளை நித்திரை. ஐயர் வானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பின்னுக்குக் கிடந்த மட்டையையும் ஹெல்மெட்டையும் எடுத்து நீட்டி, இதுகளுக்கும் ஒரு பொட்டு வையுங்கோ என்றேன். மட்டைக்கு முகம் எது என்று ஐயர் கேட்டார். எழுத்து இருந்த இடத்தைக் காட்டினேன். அந்த எழுத்துத்தான் முத்திரை என்பது தலையில் ஏறவில்லை.

காலையில் மகள் மட்டையைப் பார்த்தாள்.

"அப்பா, இதோட எப்பிடிப் போறது? எல்லாரும் கேப்பினம்."

குங்குமம் காய்ந்து இறுகியிருந்தது. கறிச்சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சை எடுத்தேன். வீட்டில் நான் ஒழுங்காகச் செய்யும் ஒரே வேலை சட்டி தேய்ப்பது. மட்டை பளபளத்தது.

ஒஷாவாவில் நடுவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை எங்கே என்றார். என் ஆங்கிலத்தில் கடவுள், சந்தனம், கறிச்சட்டி எல்லாம் வரிசை தப்பி வந்தன. முழுதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மட்டையை ஓரமாக வைத்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

பழையபடி இரவல் மட்டையோடு போய் நின்றாள். பந்து எறிந்த பிள்ளைக்குக் குறி தப்பிக்கொண்டே இருந்தது. நாலு பந்து வெளியே போனால் அடிக்காமலே முதலாம் தளத்துக்குப் போகலாம். அப்படியே நடந்து போனாள். மட்டையைத் தூக்க வேண்டியே வரவில்லை.

ஆட்டம் முடிந்து வந்தவளின் ஹெல்மெட்டில் பொட்டு அப்படியே இருந்தது. அதைக் கழுவ மறந்திருந்தேன். துடைக்கக் கை நீட்டினேன்.

"தொடாதேங்கோ அப்பா. பிறகு ஹெல்மெட்டும் இல்லாமல் நிப்பன்."

எங்கள் வீடு இருக்கும் பிக்கரிங் வரும் வரைக்கும் மட்டை வானுக்குள் பின்பக்கத்தில் உருண்டுகொண்டே வந்தது.