அப்பாவுக்குப் போர்டு படித்தது

"பஸ்ஸேறிச் சீட்டு வாங்கறதுக்குள்ள தூங்கிப்போடுவ. நீ எங்க கண்ணு வண்டி ஓட்டறது, அதும் வடக்க வரைக்கும்?"

அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கட்டிலில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் இப்போது மடங்குவதில்லை. கிளட்ச் மிதிக்கிற கால். இனிமேல் நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள் என்று நான் சொன்னதற்கு வந்த பதில் அது. அம்மாவும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

என் தூக்கம் ஊரறிந்தது. காங்கேயத்தில் காலை ஆறு நாற்பது பஸ். பொங்கலூர் காற்றாலைகள் தெரிவதற்குள் கண் சொருகிவிடும். சூலூர் வந்ததும் கண்டக்டர் கம்பியில் தட்டுவார். "ஏனுங் அம்மணி, இன்னிக்காவது சிங்காநல்லூர்ல எறங்கறீங்களா, இல்ல டிப்போவுக்கே வாரீங்களா?" அங்கிருந்து பீளமேட்டுக்கு டவுன் பஸ். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வரவேண்டும். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ரோட்டிலேயே போகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். இத்தனை தூரம் போயும் நான் பார்த்தது இந்த ஒரே ரோட்டைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜும் முடித்தேன். ஒரு பம்ப் கம்பெனியில் புகார் எடுக்கும் பிரிவில் வேலை. மோட்டார் ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும் இரண்டாவது ரிங் முடிவதற்குள் போனை எடுத்தாக வேண்டும். எடுத்துவிடுவேன்.

அப்பா போர்வெல் லாரி டிரைவர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று எங்கே குழி போடக் கூப்பிட்டாலும் போவார். மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார். பாதி இந்தியாவை ஓட்டித் தீர்த்தவருக்கு எண்கள் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. வழியெல்லாம் அடையாளம்தான்: மஞ்சள் பெயின்ட் அடித்த தாபா, அரசமரம், ரயில்வே கேட். அடையாளம் தவறினால் என்னைக் கூப்பிட்டு, போர்டில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகளின் உருவத்தைச் சொல்வார்.

"அம்மணி, மொதல்ல ஒரு தூண்டிமுள்ளு. அப்பறம் கூடாரம். அப்பறம் ரெண்டு வயிறு ஒண்ணுமேல ஒண்ணு."

"ஜபல்பூருங்கப்பா. அதுலயே போங்க."

லாரியில் கூட வேலை செய்த பையன்களிடம் நல்ல போன் இருந்தது, மேப் இருந்தது. அவர்களிடம் கேட்கமாட்டார். படிக்கத் தெரியாது என்பதை அத்தனை வருடமும் அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தார். வண்டியை ஓரம் கட்டி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசுவார். "என்னண்ணா, ஒவ்வொரு முக்குலயும் புள்ள ஞாபகம் வந்துருதா?" என்று அவர்கள் கிண்டல் செய்வார்களாம். இதை அப்பா பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமைதான். ஒரு தடவை, "அவனுககிட்டயெல்லாம் கேக்காதீங்கப்பா, எந்நேரமானாலும் என்னையக் கேளுங்க" என்று சொல்லியும் வைத்தேன். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். இருபத்தாறு எழுத்து. நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அவருக்கு நான் தேவைப்படுவது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

அவரிடம் ஒரு ஆசை இருந்தது. வேலையாக இல்லாமல், சும்மா, ஒரு காரில் அந்த ரோடுகளில் மறுபடி போகவேண்டும். "நான் ஓட்டறேன், நீ ஊர்ப்பேரப் படி. எங்கெங்க போனேன்னாவது தெரிஞ்சுக்கறேன்." அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். பஸ்ஸில் விழித்திருக்கிற நேரமெல்லாம் அதுதான். இடது பக்கம் அவர் சொன்ன அடையாளம், வலது பக்கம் நான் தேடிப் பிடித்த பெயர். 'ஆத்துமேல ரெண்டு பாலம், பழசு இடிஞ்சு கெடக்கும்' என்று இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் பல இடங்களில் காலி.

போன மார்ச்சில் ஒரு நாள் சிங்காநல்லூரில் இறங்கி போனைப் பார்த்தபோது அப்பாவிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: மேம்பாலம் கட்டுவதற்காக அவர் அடையாளம் வைத்திருந்த தாபாவை இடித்துவிட்டார்கள். இரண்டாகப் பிரிகிற ரோட்டில் அவர் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறார். அது ஒரு வாய்க்கால் கரையில் போய்ச் சுருங்கியது. திருப்பிக்கொண்டு வரும்போது கரை சரிந்து லாரி சாய்ந்தது. பையன்கள் குதித்துவிட்டார்கள். அவர் கால் மாட்டிக்கொண்டது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று, அவர் கேட்காமலேயே நான் சொன்னேன். "பொங்கலூர் பக்கம் டவரே கெடைக்கலீங்கப்பா."

"செரி கண்ணு, உடு" என்றார்.

அந்தப் பொய்யோடு எட்டு மாதம் பஸ்ஸில் போய் வந்தேன். தூக்கம் மட்டும் வராமல் இருக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. தூங்கி எழுந்து, எழுந்ததும் நினைவு வந்து, மறுநாளும் தூங்கினேன்.

நீ எங்க வண்டி ஓட்டறது என்று அப்பா சிரித்தபடி கேட்ட அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அம்மா தேங்காய்க் களத்துக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு மதியச் சோறு போட்டு வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். டவர் இருந்தது, நான்தான் தூங்கிவிட்டேன் என்று.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தெரியுமுங் கண்ணு. டவர் இல்லீன்னா போனுக்குள்ள அந்தப் பொம்பள பேசுமில்ல. பேசல. நாலு தரமும் ரிங்கு முழுசாப் போயித்தான் நின்னுச்சு."

"அப்பறம் ஏங்கப்பா கேக்கல?"

"கேட்டு?"

தட்டைப் பார்த்தபடியே, "பக்கத்துலயே மூணு பேரு போனோட ஒக்காந்திருந்தானுக. ஒருத்தன்கிட்ட நீட்டிக் கேட்டிருந்தா முடிஞ்சுது. கேக்கத் தோணல எனக்கு" என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எதிர்க் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் அதைக் காலால் புரட்டிக்கொண்டே போனான்.

அவர் போன பல ஊர்களின் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது. நோட்டிலிருந்து படித்துக் காட்டினால், "அங்க போய் நின்னுதான் கண்ணு நெஜமான்னு சொல்ல முடியும்" என்கிறார். போவதென்றால் நான்தான் ஓட்டவேண்டும். வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆர்டிஓ ஆபீஸ் போனேன். ஓட்டப் பழகுவதற்கான எல்எல்ஆர் வாங்கிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் காலை ஐந்து மணிக்கு ஒரு இடம்தான் காலி என்றார்கள், சரி என்று எழுதிக் கொடுத்தேன். நேற்று சென்னிமலை ரோட்டில் மூன்றாவது கியர் போட்டேன். முடித்துவிட்டு அங்கிருந்தே ஓடிப்போய் ஆறு நாற்பதைப் பிடித்தேன்.