வாசலில் நட்ட கல்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நாங்கள் வீடு கட்டியபோது பொறாமைப்படாத சொந்தக்காரர் இல்லை. இன்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு, உள்ளே போக முறை பார்த்துக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கதவைத் திறந்தால் லாரிச் சக்கரம், ஜன்னலைத் திறந்தால் கரிப்புகை. விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்க ஆளில்லை.

என் கணவருக்கு வீசிங். இழுப்பு வந்துவிட்டால் பத்தடி நடக்க மாட்டார். ஆட்டோ வாசலுக்கே வந்தாக வேண்டும். ஓர் ஆட்டோ நிற்கும் இடம், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். டிரைவர்களிடம் கெஞ்சினேன். "அஞ்சு நிமிஷமுங்கக்கா, எடுத்துருவேன்" என்பார்கள். அந்த ஐந்து நிமிடம் மத்தியானச் சாப்பாடாகி, தூக்கமாகி, சாயங்காலம் வரை நீளும். தண்ணீர் டிரம் ஒன்றை வாசல் நடுவில் வைத்தேன். நசுங்கிப் போனது.

எதிர்வீட்டு மதினிதான் வழி சொன்னாள். "ஏளா, மனுசங்க சொன்னா இவனுவ கேக்க மாட்டானுவ. ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசு. எவன் சாமி மேல வண்டியை ஏத்துதான்னு பாப்போம்."

வீட்டுக்குப் பின்னால் உடைந்து கிடந்த துவைகல்லை இரண்டு பேருமாகப் புரட்டிக்கொண்டு வந்து நட்டோம். மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி, வேப்பங்குலை. என் கணவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "என் அழுக்கு வேட்டி பூராத்தையும் இந்த அம்மன் தலையிலதான அடிச்சே" என்றார். ஆனால் கல் வேலை செய்தது. லாரிகள் ஒதுங்கி நின்றன. சில வாரங்கள் வீட்டுக்குள் வெயில் வந்தது.

அப்புறம் புது லாரியில் முதல் லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் எங்கள் கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முனையத்தின் கேட்டில் காத்திருக்காமல் நேரே உள்ளே போய்விட்டாராம். இந்தச் செய்தி டீக்கடைக்குப் போனால் போதாதா? வருகிற வண்டியெல்லாம் நின்றது. யாரோ தகரக் கூரை போட்டார்கள், யாரோ மணி கட்டினார்கள். முன்பு கேட்டுக்காக நின்றவர்கள் இப்போது என் கல்லுக்காகவே நின்றார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளே உட்கார்ந்து புழுங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கற்பூரப் புகையில் அவருக்கு இழுப்பு வந்தது. வாயில் மருந்து பம்ப் அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. கூப்பிட்ட ஆட்டோ தெருமுனையில் மாட்டிக்கொண்டது. பயத்தில் வாசலுக்கு ஓடிக் கத்தினேன்; கெட்ட வார்த்தைகூட வந்தது. பூசை போட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவரை நாற்காலியோடு தூக்கி, லாரிகளின் இடுக்கில் நுழைந்து ஆட்டோவில் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வைத்தே முடிவு செய்துவிட்டேன், அந்தக் கல்லைப் பெயர்த்துக் கடலில் போட வேண்டும் என்று. பார்க்க வந்த மதினியிடம் சொன்னேன்.

"வாயைக் கழுவுளா. புருசன் இப்படிக் கெடக்கையில பேசுத பேச்சா இது?" என்றாள். யோசனை சொன்னதே இவள்தான்!

வீடு திரும்பிய அன்று டிரைவர்கள் வண்டிகளை நகர்த்தி வழி விட்டார்கள். ஆட்டோ வாசல் வரை வந்தது. மெல்ல இறங்கிய என் கணவர் வீட்டுக்குள் போகவில்லை. கல்லுக்கு முன்னால் நின்று, திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். கேலிக்குத்தான் செய்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

"இவ இல்லன்னா அந்தப் பயலுவ அங்கன நின்னிருப்பானுவளா? என்னைத் தூக்க யாருளா இருந்தா?" என்றார். "நீயும் கும்பிடு."

அவர்கள் அங்கே நிற்காமல் இருந்தால் தூக்கவே வேண்டியிருக்காது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வேன்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.