ஆகவே என்று சொல்வதற்குள்

எம்.பி. பதவிக்காலம் முடிந்து, மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு காரைக்கால் கோர்ட்டுக்குள் நுழைந்த அன்று, வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மறுபடி சீட்டுக் கிடைக்கவில்லை, அதற்குத்தான் அந்த முகம். எனக்கோ பெரிய பாரம் இறங்கிய நிம்மதி. டில்லிக் குளிர் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் போய்ப் பல்லைக் காட்டும் வேலையும் இல்லை. “அப்படி டில்லியில என்னதான் பண்ணீங்க மேடம்?” என்று சக வக்கீல் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். அதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சிவில் வக்கீல். பாகப் பிரிவினையும் வரப்புத் தகராறும்தான் என் பிழைப்பு. எங்கள் பிராதுக்கென்று ஒரு நடை உண்டு. சொத்து எங்கே இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, தகராறு எங்கே முளைத்தது என்று பத்தி பத்தியாகச் சொல்லிக்கொண்டே போவோம். கடைசியில்தான் “ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் கருணை கூர்ந்து” என்று ஆரம்பித்து, வேண்டியதைக் கேட்போம். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை என்று கை பழகிவிட்டது. நீதிபதி கொட்டாவி விட்டாலும் கடைசிப் பக்கம்வரை பார்த்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தைரியத்தோடுதான் டில்லிக்கும் போனேன்.

நான் ஜெயித்தது எங்கள் ஊருக்கே ஆச்சரியம். மொத்த யூனியன் பிரதேசத்துக்கும் மக்களவையில் ஒரே ஒரு எம்.பி. அது காரைக்காலுக்கு வாய்ப்பது அபூர்வம். அதனால் ரேஷன் கார்டிலிருந்து சாக்கடை அடைப்புவரை எல்லாம் என் வாசலுக்கு வந்தன. அப்படி ஒருநாள் கிளிஞ்சல்மேட்டிலிருந்து அவள் வந்தாள். வீட்டுமனை வழக்கில் என் பழைய கட்சிக்காரி, மீனவர் மனைவி. நான் எம்.பி. ஆனதை அவள் பொருட்படுத்தவே இல்லை, அவளுக்கு நான் கடைசிவரை வக்கீலம்மாதான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எஞ்சின் பழுதாயி படகு எல்லை தாண்டிப் போயிடுச்சு வக்கீலம்மா. அந்தப் பக்கத்து நேவி எல்லாரையும் புடிச்சுட்டுப் போயிட்டான். படகு போனா போவட்டும். எங்க வூட்டுக்காரருக்கு சர்க்கரை. ஒருநாள் தொழிலுதானேன்னு மாத்திரைய வச்சுட்டுப் போயிட்டாரு.”

புடவைத் தலைப்பில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். அழவில்லை. மறந்துவிட்டுப் போன புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.

“டில்லியில எந்திரிச்சுக் கேட்டுடுங்க. எனக்கு மனை வாங்கிக் குடுத்தவங்களாச்சே நீங்க.”

வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினேன். மனு கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். சபையில் ஜீரோ ஹவர் என்று ஒன்று உண்டு. குலுக்கலில் பெயர் விழுந்தால் அவசர விஷயத்தை எழுந்து சொல்லலாம், இரண்டு மூன்று நிமிஷம்தான். என் பெயர் விழுந்தது. எழுந்தேன்.

“வங்கக் கடலின் கரையில், காவிரியின் கடைமடையில், தமிழக மாவட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள காரைக்கால் என்னும் பகுதியானது” என்று தொடங்கினேன். பிரெஞ்சுக்காரன் வந்ததைச் சொன்னேன். அவன் போனதையும் சொன்னேன். சுனாமியைச் சொன்னேன். எஞ்சின் பழுதான இடத்துக்கு வந்து, மூச்சை இழுத்து, “ஆகவே” என்றேன். மைக் அணைந்துவிட்டது. வேறு மாநிலத்து உறுப்பினர் தன் ஊர் ரயில்வே மேம்பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். நான் கொஞ்ச நேரம் வாயசைத்துக்கொண்டு நின்றுவிட்டு உட்கார்ந்தேன்.

“உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, பிரமாதம்!” என்று பக்கத்து இருக்கைக்காரர் கைகொடுத்தார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். மனுஷர் மனதாரச் சொன்னார்.

சாயந்திரம் அவள் போன் செய்தாள். “ஊரே செல்போன்ல பாத்துச்சு வக்கீலம்மா. நம்ம ஊரப் பத்தி எவ்வளவு சொன்னீங்க! கேட்டாச்சுல்ல? எப்ப வருவாரு?”

கேட்கவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? “பாக்குறேம்மா” என்று போனை வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே அடுத்த குலுக்கலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பேச்சைத் தலைகீழாக எழுத உட்கார்ந்தேன். கை வரவே இல்லை. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல் சோறு போடு என்பதுபோல் இருந்தது. அடித்து அடித்து எழுதினேன். பிரெஞ்சுக்காரனை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை.

என் பெயர் மறுபடி விழுந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தேன்: “கடலுக்கு அப்பால் சிறையில் இருக்கும் எங்கள் மீனவர் ஒருவருக்கு இந்த மாத்திரை இன்றே போய்ச் சேர வேண்டும். தூதரகத்திலிருந்து ஆள் போக வேண்டும். எல்லோரையும் மீட்டு வர வேண்டும்.” அவள் வைத்துவிட்டுப் போன அட்டையைத் தூக்கிக் காட்டினேன். சபையில் பொருளைக் காட்டக்கூடாது என்று சபாநாயகர் அதட்டினார். குனிந்து எழுதிக்கொண்டிருந்த அமைச்சர் அந்த அதட்டலில் நிமிர்ந்தார். எனக்கு நேரம் மிச்சம் இருந்தது, சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் அமைச்சரின் உதவியாளர் ஓடிவந்து மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

பிறகு அந்த நாட்டுக் கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. என் பேச்சால்தானா என்றால், வக்கீலாக அதை என்னால் நிரூபிக்க முடியாது. மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்த அன்று பந்தல் போட்டிருந்தார்கள். மாலை, சால்வை, அதிகாரிகள், மைக். கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள். மாலையோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு அவள் நேரே தன் புருஷன் முன்னால் போய் நின்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“மாத்திரை குடுத்தாங்களா? போட்டீங்களா?”

“எம்பசி ஆளு கொண்டாந்து குடுத்தாரு. அதுலேருந்து ஒரு வேளை விடலை.”

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

“ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்” என்று யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். காவிரியின் கடைமடை தொண்டைவரை வந்துவிட்டது. இங்கே அணைக்க ஆளும் இல்லை.

“எல்லாரும் வீட்டுக்குப் போயி அவங்களச் சாப்பிட விடுங்க” என்று சொல்லிவிட்டு, மைக்கை நானே அணைத்தேன்.