மஞ்சள் நூல் பனியன்கள்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ஓடையை மிகவும் பிடிக்கும். காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். இன்றைக்கு ஊதாவா சிவப்பா என்று பந்தயம் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். மேட்டிலிருந்த சாயப்பட்டறை திறந்துவிட்ட தண்ணீர் அது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன, பெரியவர்களுக்குக் கையெல்லாம் சொறி. அதெல்லாம் அவர்கள் கவலை. எனக்குக் கலர் போதும்.

பட்டறை வாசலில் போய் உட்காரலாம் என்று கிளம்பியவர் அப்பாவின் தங்கை, என் அத்தை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊர்க்கூட்டத்தில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"உக்காருவோம், பாடுவோம், பசிச்சாச் சாப்புடுவோம். ஆரும் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாதுங்க."

அப்பா வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தையல் மிஷின்கள் போட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துவந்தார். அவருக்குத் துணி கொடுத்த கம்பெனிகளெல்லாம் அதே பட்டறையில்தான் சாயம் போட்டன. அதனால் கூட்டம் என்றால் அப்பா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருப்பார். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் என்பது அவருடைய யோசனைதான். ஏற்றுமதியில் மிஞ்சிய பச்சைத் துணி கிடந்தது. சாயத் தண்ணியை எதிர்க்கச் சாயம் போட்ட பனியனா என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பச்சைத் துணியைப் பச்சை நூலிலேயே தைத்தார்கள். தொங்கும் பிசிறு நூலைக் கத்தரிப்பது என் வேலை. கத்தரிக்கோல் என் கையில் இருந்தால் நான்தான் முதலாளி.

போராட்டத்துக்கு முந்தின நாள் பைக்கில் ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையான ஆள்.

"ஏனுங்கண்ணா, பக்கத்தூர்ல இருந்து நம்ம ஆளுக இன்னும் நெறையப் பேரு வர்றாங்க. இதே மாதிரி பனியன் ஒரு கட்டு வேணுமுங்க."

பேரமே பேசவில்லை. திருப்பூரில் ஒருவர் பேரம் பேசாமல் பனியன் வாங்கினால் சந்தேகப்பட வேண்டாமா? கூட்டம் பெருகுகிற சந்தோஷத்தில் அப்பாவுக்கு எதுவும் தோன்றவில்லை. அடி மடிப்புக்கு வரும்போது பச்சை நூல் தீர்ந்துபோனது. கடைக்கு ஓட நேரமில்லாமல், அந்தக் கட்டு முழுவதற்கும் அடி மடிப்பை மஞ்சள் நூலில் ஓட்டினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அதில் ஒன்று வேண்டும் என்று அழுதேன். கிடைக்கவில்லை.

மறுநாள்! எந்தத் தேர் நோன்பித் திருவிழாவிலும் நான் அவ்வளவு துள்ளியதில்லை. பள்ளிக்கூடம் கிடையாது. பட்டறை வாசல் முழுக்கப் பச்சை. தூக்குப் போசி தூக்குப் போசியாகத் தக்காளிச் சாதம். சேலைக்கு மேல் பனியன் போட்ட பெண்கள் கும்மியடித்தார்கள். பட்டறை லாரிகள் வெளியே வர முடியாமல் கேட்டுக்குள்ளேயே நின்றன. வேப்பமரத்தடியில் நின்ற போலீஸ்காரர்களுக்கும் அத்தை மோர் கொடுத்து அனுப்பினார். உட்கார்ந்து பாடுகிறவர்களை என்ன காரணம் சொல்லி எழுப்புவது? மோர் குடித்துவிட்டு அவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

உச்சி வெயிலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் அத்தனை பேரும் பச்சைப் பனியன்! இடுப்பில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது.

"அத்தை! நம்ம ஆளுக வந்துட்டாங்க!" என்று குதித்தேன்.

அவர்கள் உட்காரவில்லை. முதல் கல் பட்டறை ஜன்னலில் விழுந்தது. கண்ணாடி கொட்டிய சத்தம் பட்டாசு மாதிரி இருந்தது. அடுத்தடுத்துக் கற்கள். போலீஸ்காரர்கள் தடியோடு ஓடி வந்தார்கள். எறிந்தவர்கள் நின்றுகொண்டிருந்ததால் ஓடிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுந்திருக்கவே நேரம் கிடைக்கவில்லை. அத்தையின் வலது மணிக்கட்டில் அடி விழுந்ததைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு முதன்முறையாக அழுதேன்.

எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். மண்டபத்தைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்! கல்லெறிந்ததாக வழக்கு, அத்தையின் பெயர்தான் முதலில், ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஒவ்வொருவர் பனியனாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தேன். ஒரு நல்ல சேதி கிடைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத்தை, மஞ்ச நூலுப் பனியன் போட்டவங்க ஒருத்தர்கூட இங்க இல்லீங்க! அவங்கெல்லாம் தப்பிச்சுட்டாங்க!"

சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால் ஆளாளுக்குத் தங்கள் பனியனைக் குனிந்து பார்த்தார்கள். அத்தை தன் பனியன் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் மடிப்பைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நாம கல்லெடுக்க மாட்டோம்னு பட்டறைக்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா. கல்லு உழுகாம போலீசு எப்படி அடிக்கும்? அதான் நம்ம பனியனை மாட்டி ஆளு அனுப்பியிருக்கான்."

அப்பா கடைசித் தூணோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படி உட்காருவது எனக்குத் தெரிந்ததுதான். நூல் மாறிப்போன சரக்கைக் கம்பெனி திருப்பி அனுப்பினால் கொட்டகையில் அப்படித்தான் உட்காருவார். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன்.

"ஆரும் பாக்கலீங்கப்பா. நான் மட்டுந்தான் பாத்தேன்."

அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். "எல்லாரும் பாக்கோணும், கண்ணு" என்று எழுந்தார். தூணை விட்டு, அத்தனை பேரையும் தாண்டி, வாசலில் நாற்காலி போட்டிருந்த போலீஸ் அதிகாரியிடம் போனார்.

"கல்லெறிஞ்சவங்க போட்டிருந்த மஞ்ச நூலுப் பனியன் நான் தெச்சதுங்க, இங்க ஒருத்தர்கிட்டயும் அது இல்லீங்க" என்று அவர் சொன்னது மண்டபத்துக்கே கேட்டது.

நான் அத்தையின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நூல் மாறிப்போனதற்கு அந்த ஆபீசர் அப்பாவை எப்படித் திட்டப் போகிறாரோ என்று எனக்கு ஒரே பயம்.