பெர்னிஸ் கிழிக்காத முகம்

பெர்னிஸ் லக்ருவாவுக்குப் பசை காய்ச்சத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது என்று நான் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வதுண்டு. மைதா, தண்ணீர், ஒரு பிடி சர்க்கரை. காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் வின்னிபெக் குளிரில் பாதி வழியிலேயே கட்டி தட்டிவிடும். அவள் ஒட்டிய சுவரொட்டியை எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. மாநகராட்சி ஆட்கள் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவார்கள்.

பல வருடம் டவுன் பஸ் ஓட்டியவள் அவள். எந்தக் கம்பத்தின் அருகில் சனங்கள் நின்று மூச்சு வாங்குவார்கள் என்பது அத்துப்படி. அந்த அறிவை வைத்துத்தான் எங்கள் 'பின்வாசல்' வளர்ந்தது. தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் சேர்ந்த எங்களைப் பால்புதுமையர் கலைக்குழு என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறார்கள். தொடங்கியபோது சுவரொட்டிக்குப் பெர்னிஸ், விளக்குக்கு நான், மேடைக்கு மார்லின் டூயெக், அவ்வளவுதான். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தை ஞாயிறு மதியங்களில் வாடகைக்குக் கொடுத்தார்கள். முன்வாசல் வழியாக மட்டும் வரக்கூடாது என்றார்கள். அதனால் பெயருக்கு நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மார்லின் தெற்கே ஒரு பண்ணை ஊரில் மென்னோனைட் என்ற கட்டுப்பாடான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் அப்பா அவனுக்கு வாசலைக் காட்டினார். பிறகு இரு பக்கமும் பேச்சில்லை. மேடையில் பெண் வேடம் கட்டி எல்ஃப்ரீடா என்ற பெயரில் வருவான். அது இறந்துபோன அவன் அம்மாவின் பெயர். நீலப் பூப்போட்ட கவுன், காதோரம் சுருட்டிய முடி, கையில் தேநீர்க் கோப்பை. அவன் வந்து அதட்டினால்தான் நிகழ்ச்சி தொடங்கும்.

"பின்னாடி நிக்கிறவங்கல்லாம் முன்னாடி வாங்க. பின்வாசல்ல வந்ததோட போதும், பின்னாடியே நிக்க வேணாம்."

நுரையீரல் நோய் அவனைக் கொண்டுபோனது. "வீட்டுக்குச் சொல்லாத. வர்றதா இருந்தா அவங்களா வரட்டும்" என்று பெர்னிஸிடம் சொல்லியிருந்தான். அவள் சொல்லவில்லை. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் சாம்பலை விட்டோம்.

அடுத்த நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி அடித்தபோது அவன் படத்தையும், 'எல்ஃப்ரீடா உங்களை வரவேற்கிறாள்' என்ற வரியையும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது. மேடையோரம் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் சூடான தேநீர் வைப்போம். விளக்கை அணைத்ததும் அரங்கமே சேர்ந்து "வணக்கம் எல்ஃப்ரீடா" என்று சொல்லும். பிறகு கொஞ்ச நேரம் மௌனம். யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்று அந்த மௌனத்தில் என் முதுகு சில்லிடும். எத்தனை வருடமானாலும் அது எனக்குப் பழகவில்லை.

பெர்னிஸின் பாடு இன்னும் மோசம். ஊர் முழுக்க அவன் முகத்தை அவளே ஒட்டிவைத்திருந்தாளே. மழையில் கன்னம் பிய்ந்து ஒரு கண் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். பழையதைக் கிழிக்க மாட்டாள். அதன்மேலேயே புதியதை ஒட்டுவாள்.

"கிழிச்சுட்டு ஒட்டேன். கம்பம் உன்னாட்டம் பெருத்துக்கிட்டே போகுது" என்றேன் ஒருமுறை.

"வேணும்னா நீ கிழிடா. எனக்குக் கை வராது. பஸ் ஸ்டாப்புல நின்னா முதுகுப் பக்கத்துலேருந்து பாக்குறான். திரும்பிப் பாத்தா பாக்காத மாதிரி நிக்கிறான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் சுவரொட்டிகளைத் தெற்கே பண்ணை ஊர்களுக்கும் கொண்டுபோனாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று தடுத்தேன்.

"அங்கயும் நம்மள மாதிரி ஒருத்தன் தனியா உக்காந்திருப்பான்ல? அவனுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மார்லின் சாவு எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. அந்த வரியைப் படிக்கும் அயலாருக்கு அவன் உயிரோடு இருப்பான் என்பது எங்களில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு, பூட்டிய முன்வாசலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். கையில் வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலம். வாசலில் பெர்னிஸ் நின்றாள். நான் ஏணிமேல் இருந்தேன்.

"எல்ஃப்ரீடாவப் பாக்கணும்" என்றார். "அது என் சம்சாரத்தோட பேரு. கம்பத்துல அவ மூஞ்சியப் பாத்துட்டு ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல. அப்புறம் கிட்டப் போயி மூக்கப் பாத்தேன். மூக்கு என்னுது."

பெர்னிஸ் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"என் பையன்மா. ஏபிரம் டூயெக் வந்திருக்காருன்னு சொல்லுங்க. சண்ட போட வரலன்னு சொல்லுங்க. முதல்ல அதச் சொல்லிடுங்க, இல்லாட்டி எந்த வழியாவது ஓடிருவான். இந்த விதைன்னா அவனுக்கு உசுரு."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். இன்றைக்கு வரவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவர் பஸ் ஏறிப் போய்விடுவார். அந்தப் பொய்யைச் சொல்லிவிடேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அவரைக் கூட்டிப்போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, மார்லின் இல்லீங்க. செத்து ஆறு வருசமாச்சு. பேர எடுக்க எங்களுக்கு மனசு வரல."

அவர் கோப்பையிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரவேற்கிறாள்னு போட்டிருந்துச்சே" என்றார்.

"போட்டது நான்தாங்க."

அவர் எழுந்து போகவில்லை. விளக்கை அணைத்தேன். "வணக்கம் எல்ஃப்ரீடா" என்றது கூட்டம். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மௌனம் நீண்டது. பதில் வராது என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

இடைவேளையில் அவர் கேட்டார். "எங்க பொதச்சீங்க?"

"ஆத்துல விட்டுட்டோம்."

"அப்போ பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

பெர்னிஸ் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரைக் கெட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. மூலைக் கம்பத்தில் வெந்நீரை ஊற்றி, இரும்புத் தகடு ஒன்றைச் செருகி, எங்கள் குழு தொடங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக அவள் அந்த முகத்தை உரித்தாள். கீழே அதே முகம் இருந்தது.

"இதுல உசுரோட இருந்தானா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க."

அவரே நகத்தைக் கொடுத்து அடுத்ததை உரித்தார். "இதுல?"

"இல்ல."

அவள் வெந்நீர் ஊற்ற ஊற்ற, அவர் அவசரப்படாமல் உரித்தார். ஈரக் காகிதம் அவர் காலடியில் குவிந்தது. கடைசியில் சாயம் போன ஒன்று, வாயும் பாதி மூக்கும் மட்டும், கம்பத்தோடு கம்பமாக நின்றது.

"இதுல இருந்தான்" என்றாள் பெர்னிஸ். "ஆனா இது வராதுங்க. நல்லா ஒட்டிட்டேன்."

"இருக்கட்டும்" என்றார். நாங்கள் எல்ஃப்ரீடா என்றே அழைத்துப் பழகிய முகத்தின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்தார்.

"சண்ட போட வரலடா மார்லின்."