இரண்டு தட்டிலும் வித்து

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை பட்டாணி உரித்தது. சமையலுக்கு அல்ல, ஆய்வகத்துக்கு. பட்டாணி வேகவைத்த சாற்றில் உறையவைக்கும் அகார் கலந்து தட்டில் ஊற்றினால்தான் உருளைக்கிழங்குக் கருகல் நோய்க் கிருமி ஒழுங்காக வளரும் என்பது அம்மாவின் கட்சி.

"ஒண்ணை எடுத்து வாயில போட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"பெத்த பொண்ணைவிடக் கிருமி ஒசத்தியாப் போச்சா?"

"அது வாரம் பூரா என்கூட இருக்கு. நீ ரெண்டு நாள் விருந்தாளி."

மகள் வேறு ஊரில் துணைமின் நிலையத்தில் பொறியாளர். சிரித்துவிட்டு ஊருக்குப் போனாள். அதற்கடுத்த வாரம், வேலைக்குப் போகிற வழியில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. நெஞ்சு.

விதைக் கிழங்கு அலுவலகத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அம்மா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேதான். அவளுக்குத் தரகரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை அப்படி. இந்தக் கிருமியில் ஆண், பெண் என்று தனித்தனியாக இல்லை; ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்றுதான். ஒரே வகையில் இரண்டை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் பொதுவாக ஒன்றும் நடக்காது. எதிர்வகை வந்து தொட்டால், தொட்ட கோட்டில் தடித்த ஓடு போட்ட உருண்டை வித்துகள் உண்டாகும். சாதாரண வித்து, செடி செத்தால் சீக்கிரம் தானும் சாகும். ஓடு போட்டது மண்ணில் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஆகவே ஒரு வயலில் இரண்டு வகையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நோயுற்ற இலையிலிருந்து எடுத்த கிருமியை, வகை தெரிந்த கிருமிகளோடு தனித்தனித் தட்டில் ஜோடி சேர்த்துப் பார்ப்பது அம்மாவின் பாடு.

அப்பா எப்போதோ வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். "ஊருக்கெல்லாம் ஜோடி பார்க்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணு பார்க்கக் கூடாதா?" என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். "எனக்கேத்த வகை இன்னும் எந்த இலையிலயும் வரலை" என்பாள் அம்மா, நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல்.

அவளுக்கு இரண்டு பிடிவாதம். எந்த முடிவையும் புது இலை வாங்கி இரண்டாம் முறை பார்க்காமல் சொல்ல மாட்டாள். சொல்வதையும் நேரில் போய்த்தான் சொல்வாள். அறிக்கை தபாலில் போய்ச் சேர்வதற்குள் விதை மண்ணுக்குள் போய்விடும், போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும் என்பாள். விடுமுறை நாளில் சொந்தச் செலவில் பஸ் பிடித்துப் போவாள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின் மகள் அம்மாவின் வீட்டில் தனியாக இருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் மடிக்காத துணி குவிந்திருந்தது. அதில் யாரும் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். அம்மாவின் போன் அடித்தது. திரையில் 'மேட்டு வயல்' என்று இருந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

"அக்கா, ரெண்டாவது தடவை பார்த்தாச்சா? டிராக்டர்காரன் நச்சரிக்கிறான். நட்டுடவா?"

"நான் அவங்க பொண்ணு பேசறேன். அம்மா... அம்மாவால இப்பப் பேச முடியாது."

"ஐயோ, உடம்புக்கு முடியலையா? பார்த்துக்கோ கண்ணு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவனைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல விட்டா வேற வயலுக்குப் போயிடுவான். நான் நட்டுத்தான் ஆகணும்."

மகள் உடனே ஆய்வகத்துக்குப் போனாள். அம்மாவோடு அறையைப் பகிர்ந்தவர், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், எழுந்து நின்றார்.

"அவங்க தட்டை யாரும் தொடலைம்மா. மனசு வரலை."

"மேட்டு வயல் முடிவு என்ன சார்?"

"முதல் தடவை ரெண்டு ஜோடியிலயும் வித்து. ஒரு இலையோடது ஒண்ணாம் வகையோட சேர்ந்துச்சு, இன்னொரு இலையோடது ரெண்டாம் வகையோட. அப்படின்னா வயல்ல ரெண்டு வகையும் இருக்கணும். இல்லேன்னா ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல கிருமி எடுக்கிற ஊசியை நெருப்புல காட்ட மறந்து, அவங்களே கலந்திருக்கணும். 'காட்டினேனான்னு சத்தியம் பண்ண முடியலையே'ன்னு புலம்பிட்டே இருந்தாங்க. போன பயிரோட மிச்சச் செடியிலிருந்து புது இலை வரவழைச்சு மறுபடி வச்சாங்க."

"இப்பப் பாருங்க."

மகளுக்கு அந்தக் கவலை புரிந்தது. ஒரே ஒரு தடவை எடுத்த அளவை அவளும் நம்ப மாட்டாள். அவர் தட்டுகளை வெளியே எடுத்தார். மூடியில் அம்மாவின் சின்ன எழுத்து. ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். எதிர்வகை இல்லாமல் தனியாக வளர்த்தவற்றையும் பார்த்தார். அவற்றில் ஒன்றுமில்லை, சுத்தம். மகளிடம் இடத்தை விட்டார். ஜோடித் தட்டுகள் இரண்டிலும், இழைகளுக்கு நடுவே, பழுப்பு உருண்டைகள்.

"ஊசி மேல தப்பில்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன்லயே சொல்லிடலாமேம்மா."

மறுநாள் காலை மகள் பஸ் ஏறினாள்.

மேட்டு வயலில் கிழங்கு நட மண்ணை அணைத்துப் பார் போட்டு முடிந்திருந்தது. வரப்போரம் முளைவிட்ட விதைக் கிழங்குக் கூடைகள். வயல்காரி ஓடி வந்தாள்.

"நீதானா கண்ணு? அக்கா எப்படி இருக்காங்க?"

"அம்மா இறந்துட்டாங்க. நேத்து போன்ல சொல்ல முடியலை." நிறுத்தினால் மேலே பேச வராது என்று தோன்றியது. "இந்த மண்ணுல கிழங்கு நடாதீங்க. தக்காளியும் வேண்டாம். சில வருஷத்துக்கு. ரெண்டு வகையும் இருக்கு, ரெண்டு தடவை பார்த்தாச்சு."

வயல்காரி மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டிராக்டரை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"அப்போ வேற என்னதான் போடறது இதுல?" என்றாள் வயல்காரி, பாதி தனக்குத்தானே.



"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள் மகள்.

"கேட்டுச் சொல்லு கண்ணு" என்றாள் வயல்காரி.