நீராவது உண்மையைச் சொல்லும், ஆண்டவரே

போன வருஷம் தை மாதக் கடைசியில் எனக்குச் சோறு இறங்காமல் போனது. நாலு வாய் வைத்தால் வயிறு அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வெளியே வந்துவிடும். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. கரும்பும் நெல்லும் வைத்துப் பிழைக்கிற சம்சாரி நான். மண்வெட்டியைத் தூக்கினால் கை நடுங்குகிற நிலைமை வந்ததும் பயந்துபோனேன்.

என் மனைவி அடைக்கலமேரியும் அவள் தம்பி இருதயராஜும் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சில நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அன்றைக்கு டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெகுநேரம் கழித்து வந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மச்சினன் சிரித்தான்.

"ஒண்ணுமில்ல மாமா. வயித்துல சின்னப் புண்ணு. காரத்தக் கொறச்சிக்கங்க, சரியாப் போயிடும்."

"அதுக்கா இவ அழுவுறா?"

"அழுவுறாங்களா? உள்ள ஏசி போட்டு வச்சிருக்காங்க மாமா. அக்காவுக்கு ஒத்துக்கல. கண்ணு எரியுதாம்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெரிய வியாதி வந்தால், வந்தவரிடம் சொல்ல மாட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் மனசு விட்டுப்போய்விடும், இருக்கிற நாளும் குறைந்துபோகும் என்று நினைப்பார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். என் வீட்டிலும் அன்பினால்தான் மறைத்தார்கள். அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

ஆனால் அந்த அன்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டும், சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று அடைக்கலமேரி மெல்லச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"புண்ணுக்கு எதுக்குடி வயித்தக் கிழிக்கணும்? மருந்து குடுத்தா ஆறிட்டுப் போவுது. ஆலையிலேருந்து வெட்டுறதுக்கு ஆர்டர் வர்ற நேரம். கரும்ப ஏத்தி அனுப்பிட்டு, ஈஸ்டரும் கழியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அவளால் எப்படி மறுத்துப் பேச முடியும்? சின்னப் புண் என்று சொன்னதே அவர்கள்தானே. தினமும் கேட்டுப் பார்த்தாள். நான் தினமும் அதையே சொன்னேன்.

கொஞ்ச நாளில் எனக்குள் ஒரு சந்தேகம் நுழைந்தது. காரணம், பேச்சு மாறிக்கொண்டே இருந்தது. இவள் புண் என்றாள். குரும்பலூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "கேஸ்தாம்ப்பா, எங்க மாமனாருக்குக் கூட இருக்கு" என்றாள். மச்சினன் அடுத்த தடவை வந்தபோது குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றான். உண்மையாக இருந்தால் யார் சொன்னாலும், எந்தக் கிழமை சொன்னாலும் ஒன்றாகத்தானே இருக்கும்? இது ஆளுக்கு ஒன்றாக, நாளுக்கு ஒன்றாக இருந்தது. இவர்கள் சொல்வதில் எதில் கால் ஊன்றி நிற்பது என்று தெரியவில்லை.

சகோதர சகோதரிகளே, அந்த நாட்களில் என் விசுவாசமே ஆடியது. வியாதியால் ஆடவில்லை. ஒரு நினைப்பால் ஆடியது. என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள் அன்பினால் பொய் சொல்கிறார்கள். அப்படியானால் என்னை அதைவிட அதிகமாக நேசிக்கிற ஆண்டவரும் அப்படித்தானோ? ஜெபமாலை சொல்லி முடித்ததும் மனசில் ஒரு ஆறுதல் வருமே, அதுவும் நோயாளியிடம் சொல்கிற சமாதானம்தானோ? நான் உன்னோடு இருக்கிறேன் என்று அவர் சொல்வதும் "ஒண்ணுமில்ல மாமா" என்பது போலத்தானோ? இந்த நினைப்பு வந்தபிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. உதடு மட்டும் அசையும்.

ஒரு சாயங்காலம், கோடை நடவுக்கு விட்டிருந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தேன். அன்றைக்கு எங்கள் கிளைக் கோயிலில் பூசை. பங்குச் சாமியார் வாரத்தில் ஒரு நாள்தான் எங்கள் ஊருக்கு வருவார். அடைக்கலமேரி என்னைக் கூப்பிட்டாள். வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. மோட்டார் கொட்டகை ஓரமாக உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பேசினேன்.

"ஆண்டவரே, சுகம் குடும்னு கூட இன்னிக்கு நான் கேக்கல. எனக்கு என்னன்னு சொல்லும். மனுசங்க மாத்தி மாத்திப் பேசுறாங்க. நீர் மாறாதவருன்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. நீராவது எங்கிட்ட உண்மையச் சொல்லும்."

அவ்வளவுதான் என் ஜெபம். எழுந்து மடையைத் திருப்பிவிட்டேன். பக்கத்து வயல் கலியபெருமாள் வரப்பில் வந்துகொண்டிருந்தார். எனக்கு அண்ணன் வயது, இந்துக் குடும்பம், எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் ஒரே வரப்பு. அவர் கிட்டே வரவும் மோட்டார் நின்றது. த்ரீ பேஸ் கரண்ட் போய்விட்டது. விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும், த்ரீ பேஸ் போனால் மோட்டார் மட்டும்தான் நிற்கும். ஊருக்குள் விளக்கு எரியும், மைக்கும் பாடும்.

"போயிடுச்சா? நான் கெளம்பி வந்தா போதும், அதுக்குத் தெரிஞ்சிடும்" என்று அவர் கரண்டைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

இரைச்சல் அடங்கியதும் கோயில் மைக்குக் குழாயிலிருந்து, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் குரல் தெளிவாக வந்தது. பூசைக்கு முன்னால், யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்த அன்றைய கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். இறந்தவர்கள் பெயர் இரண்டு. பிறகு என் பெயர்.

"நமது ஊர் சவரிமுத்து அவர்களுக்கு இரைப்பையில் வந்திருக்கும் புற்றுநோய் நீங்கவும், அறுவை சிகிச்சைக்கு அவர் மனம் இசையவும் வேண்டி, மனைவி அடைக்கலமேரி..."

கலியபெருமாள் சட்டென்று இருமினார். இல்லாத இருமலை இருமினார். "இந்த மைக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குதுப்பா. கரகரன்னு..."

"எனக்கு நல்லா வெளங்குச்சுண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்யா. ஒம் பொண்டாட்டி எங்க எல்லாருகிட்டயும் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு, சொல்லிடாதீங்கன்னு. நான் என்ன பண்ணுவேன் சொல்லு. ஒன்னப் பாக்குறப்பல்லாம் எனக்கு எதப் பேசுறதுன்னே தெரியல. அதான் கரண்டப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன்."

காலில் இருந்த சேற்றைக்கூட நான் கழுவவில்லை. அப்படியே கோயிலுக்கு நடந்தேன். கலியபெருமாளும் கூடவே வந்து, விழுந்துவிடப் போகிறேனோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பயம் இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்துக்குக் கீழே கெட்டியான தரை ஒன்று இருந்தது. கேட்டேன், ஆண்டவர் சொல்லிவிட்டார். என்னைக் குழந்தையாக நினைத்து ஏமாற்றாமல், தாங்குவேன் என்று நம்பிச் சொன்னார். சொன்னவர் கூடவே இருப்பார் அல்லவா?

கோயிலுக்குள் கடைசி வரிசையில் முழங்காலில் நின்றேன். பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து நின்றேன், பின்னால் வந்த அடைக்கலமேரி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பூசைக்கு வரலன்னதும்தான் எழுதிக் குடுத்தேன், மோட்டார் ஓடுற சத்தத்துல ஒங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேங்க. நீங்க ஆபரேஷனுக்கே ஒத்துக்க மாட்டேங்குறீங்க. எனக்கு வேற வழி தெரியல. ஊரே சேந்து வேண்டட்டும்னுதான் வாசிக்கச் சொன்னேன்."

"எங்கிட்ட புண்ணுன்னு சொன்ன. அங்க மட்டும் ஏன் உள்ளதச் சொன்ன? கருத்துலயும் புண்ணுன்னே குடுத்திருக்கலாமில்ல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போல.

"அவருகிட்ட எப்டிங்க பொய் சொல்றது?"

அவள் படித்தது ஐந்தாவது வரைக்கும். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பொய்யே இல்லாதவர் முன்னால் போனால் நம் பொய்யும் நிற்காது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எத்தனையோ பேர் கட்டி வைத்த சுவர், அவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்ததுமே விழுந்துவிட்டது.

அந்த வாரமே தஞ்சாவூர் போனோம். இந்தத் தடவை நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியும் சார்" என்றாள்.

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சுங்க. சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்ல என்னைக் கட்டிப் போட்டு வச்சிருந்தாங்க. இன்னும் பரவல. கரும்பு வெட்டிட்டு வரேன்னு உட்கார்ந்திருந்தீங்கன்னா, நான் இப்ப வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊசி மருந்து. முடி கொட்டியது, வாய் வெந்தது. கரும்பை மச்சினனும் கலியபெருமாளும் நின்று வெட்டி அனுப்பினார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு என் மகள் நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்தாள். இப்போது நான் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகச் சாப்பிடுகிறேன். மண்வெட்டி பிடிக்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி முழு உண்மையாக இருக்காது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் விசுவாசிதான். உடையார்பாளையம் பக்கத்துக்காரர். என்னைவிட நன்றாக ஜெபிப்பார். அவர் பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சுகம் என்று ஆண்டவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கைவிட மாட்டேன் என்றுதான் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் கடைசி நாளில் தன் வீட்டாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். அவரிடமும் ஆண்டவர் வாக்கு மாறவில்லை என்றுதான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு மாற்றம். யாருக்கு என்ன வியாதி என்றாலும் வியாதி வந்தவரிடம்தான் முதலில் சொல்கிறோம். சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறோம். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்க முடிகிறது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, உண்மையைத் தெரிந்துகொள்ளப் பயந்து, எதையோ ஆண்டவரிடம் கேட்காமலே வைத்திருக்கலாம். கேளுங்கள். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று அவர் பேச மாட்டார். அவர் சொல்வது கசப்பாக இருந்தாலும், அதன்மேல் கால் ஊன்றி நிற்கலாம்.

அடுத்த வாரம் எனக்கு மறுபடி ஸ்கேன். என்ன வரும் என்று தெரியாது. டாக்டர் கூப்பிடும்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போவோம்.